யாழ்ப்பாணத்து அன்றாட வாழ்வைச் சிரிக்கச் சிரிக்கப் பதிவிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில், ஒழுங்கையில், பஸ்சில், ரியூசன் வாசலில் நடப்பதை எழுதி ஆட்களைச் சிரிக்க வைக்க விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இவை. பேஸ்புக், வட்ஸ்அப் ஸ்ரேட்டஸ், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக் என்று இடம் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். பொதுவாகச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. சரியான ஒரு சின்னத் தகவல் வந்து விழுந்தால் சிரிப்பு தானாக வரும்.

எதைப் பற்றி எழுதினால் “இது எங்கட வீடேதான்” என்று ஆட்கள் சொல்லுவார்கள்?

பொருளில் தொடங்குங்கள். “அம்மாவின் பாசம்” என்று இருந்து யோசித்தால் ஒரு வரியும் வராது. குசினித் தட்டைப் பார்த்தால் வரும்: ஐஸ்கிரீம் பேணிக்குள் கருவாடு, ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் உளுத்தம்மா, லண்டனில் இருந்து வந்த சொக்கிளேற் பெட்டிக்குள் காணி உறுதி. பிஸ்கற் பேணிக்குள் ஊசிநூல் இருக்கும் பகிடி உலகம் முழுக்க எழுதித் தேய்ந்துவிட்டது, அதை விட்டுவிடலாம். காணி உறுதி இருக்கும் சொக்கிளேற் பெட்டி எங்கள் பக்கத்துக்கே உரியது.

எங்கள் வீடுகளில் இப்படி வற்றாத இடங்கள் பல உண்டு. தண்ணீர் மோட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்: போட்டவர் ஒருவர், நிப்பாட்ட மறந்தவர் இன்னொருவர், ராங்க் வழிவதைக் கண்டு முதலில் சத்தம் போடுகிறவர் பக்கத்து வீட்டுக்காரர். படலையடி இன்னொன்று. “சரி, அப்ப போட்டு வாறன்” என்று எழும்பியவர் விறாந்தையில் ஒரு கதை, முற்றத்தில் ஒரு கதை சொல்லி, படலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் வந்த விசயத்தையே தொடங்குவார். வெளிநாட்டு வீடியோ கோலில் போன் கைமாறிக்கொண்டே போகும். ரொறன்ரோவில் இருப்பவருக்குத் தெரிவது வீட்டு முகடும் அம்மம்மாவின் நெற்றியும். திரும்பிப் போகிறவரின் 23 கிலோப் பொதிக்குள் மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும் பருத்தித்துறை வடையும் அடங்கியாக வேண்டும். நிறை கூடினால் வெளியே வருவது போகிறவரின் உடுப்பு. கால் வைக்க இடமில்லாத பஸ்சில் “பின்னுக்கு இடம் கிடக்குது, உள்ளுக்குப் போங்கோ” என்ற குரல். உயர்தரப் பெறுபேறு வரும் நாளில், சோதனை எழுதின பிள்ளைக்கு முன்னமே சுட்டெண் கேட்டு மெசேஜ் அனுப்பும் தூரத்து மாமி.

இவை எல்லாவற்றிலும் எல்லாரும் கடைப்பிடிக்கிற, ஆனால் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வழக்கம் இருக்கிறது. நீங்கள் தேட வேண்டியது அந்த வழக்கத்தைத்தான்.

தேடுவதற்கு ஒரு சுலபமான முறை: போனில் ஒரு குறிப்பைத் திறந்து வைத்து மூன்று விசயங்களை மட்டும் எழுதுங்கள். யார், எந்தப் பொருள், வாயில் வந்த அதே சொல். மூன்றாவது முக்கியம், அதை உடனே எழுத வேண்டும். இரவு வரை வைத்திருந்தால் “ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுப் போவன், அடுப்பில தண்ணி கிடக்குது” என்பது “தேநீர் குடிக்கச் சொன்னார்” என்று சுருங்கிவிடும். அதில் ஒன்றும் இல்லை.

ஒரு சாதாரண யோசனையை எப்படிப் பதிவாக மாற்றுவது? ஒரு உதாரணத்தோடு சொல்லுங்கள்.

முதல் யோசனை இது என்று வைப்போம்: “வெளிநாட்டுச் சொந்தக்காரர் வந்தா அம்மா வீட்டைத் துப்பரவாக்குவா.” உண்மைதான். வாசிப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்.

முதலில் ஆளைக் குறிப்பாக்குங்கள். “சொந்தக்காரர்” என்பதைக் “கனடா மாமி” ஆக்கினால் உடனே ஒரு முகம் வருகிறது. அடுத்து, துப்பரவாக்குவதைச் செயல்களாக உடையுங்கள்: வளவு கூட்டுவது, அலுமாரிக்குள் பூட்டி வைத்த கண்ணாடிக் கிளாஸ்களை எடுப்பது, வீட்டில் பெனியனோடு நிற்கும் பெடியனைச் சேர்ட் போடச் சொல்வது. மூன்று போதும். இரண்டில் ஒழுங்கு பிடிபடாது, நான்கு வந்தால் வாசிப்பவர் களைத்துப் போவார். மூன்றும் சின்னதில் இருந்து பெரிசுக்கு ஏற வேண்டும். பிறகு எல்லாவற்றையும் புரட்டிப் போடும் ஒரு தகவலைக் கடைசிக்கு ஒதுக்குங்கள்:

“கனடா மாமி வாறா.
காலமை: வளவு முழுக்கக் கூட்டியாச்சு.
மத்தியானம்: அலுமாரிக் கிளாஸ் எல்லாம் வெளிய வந்திட்டுது.
பின்னேரம்: என்னைச் சேர்ட் போடச் சொல்லியாச்சு.
மாமி வாறது அடுத்த மாதம்.”

கடைசி வரியைக் கவனியுங்கள். “அடுத்த மாதம்தான் மாமி வாறா” என்று எழுதினாலும் பொருள் அதேதான். ஆனால் ஆச்சரியம் முதல் சொல்லிலேயே கொட்டுண்டுவிடும். தமிழில் வினைச்சொல் வழக்கமாகக் கடைசியில் வரும். “வாறது”, “கேட்டது”, “கிடந்தது” என்று வினையைப் பெயராக்கினால் அது முன்னுக்குப் போய், நீங்கள் ஒளித்து வைத்த சொல் கடைசி இடத்துக்கு வந்துவிடும். பதிவு சரிவரவில்லை என்று தோன்றினால் முதலில் இந்த ஒரு மாற்றத்தைச் செய்து பாருங்கள். பல பதிவுகள் இதிலேயே நிமிர்ந்துவிடும்.

யாழ்ப்பாணப் பேச்சிலேயே எழுத வேண்டுமா? எழுத்து வடிவம் குழம்புகிறதே.

ஆட்கள் பேசும் வரிகளைப் பேச்சில் எழுதுங்கள். சம்பவத்தைச் சொல்லும் வரிகளைப் பேச்சிலும் எழுதலாம், எழுத்துத் தமிழிலும் எழுதலாம். ஆனால் ஒரே பதிவுக்குள் நடுவில் மாறக் கூடாது.

அடிக்கடி நடக்கும் பிழை, படத்தில் கேட்ட சென்னைப் பேச்சு எங்கள் பேச்சுக்குள் புகுந்துவிடுவது. யாழ்ப்பாணத்து அம்மா “வந்துட்டேன், சாப்பிட்டியாப்பா” என்று கேட்டால் அது அம்மா இல்லை என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அவர் “வந்திட்டன், சாப்பிட்டாச்சோ?” என்றுதான் கேட்பார். “எண்டு”, “இஞ்ச”, “பேந்து”, “கெதியா”, “வருவினம்”, “சொல்லேல்லை” போன்றவற்றை எப்படி எழுதுவது என்று ஒருமுறை முடிவெடுத்துவிட்டு, எல்லாப் பதிவிலும் அப்படியே எழுதுங்கள். ஒரு இடத்தில் “எண்டு”, இன்னொரு இடத்தில் “எண்டூ”, மூன்றாம் இடத்தில் “என்டு” என்றால் கண் தடக்கும். தடக்குகிற கண் சிரிக்காது.

யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதும் பகிடியின் பாதி. கொண்டக்ரரும் கடைக்காரரும் “அண்ணை”. மனைவி கணவரைக் கூப்பிடுவது “இஞ்சருங்கோ”. சின்னப் பிள்ளையிடம்கூடப் பல வீடுகளில் “வாங்கோ, இருங்கோ” என்றுதான் பேசுவார்கள். அந்த மரியாதை ஒரு நொடியில் “இஞ்ச வாடா” என்று மாறும் இடம் எல்லா வீட்டுக்கும் தெரிந்த இடம், சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று பேச்சும் கொஞ்சம் மாறும். உங்கள் ஊர்ப் பேச்சை எழுதுங்கள். மற்ற ஊர் ஆட்கள் கதைப்பதை நடித்துக் காட்டி எழுதுவது பெரும்பாலும் அவர்களைக் குத்துவதாகவே முடியும்.

எவ்வளவு நீளம் எழுதலாம்?

படத்தின் மேல் எழுதுவதானால் இரண்டு வரி, அதிகம் போனால் 15 சொல். பேஸ்புக்கில் வண்ணப் பின்னணியில் போடும் பதிவு 130 எழுத்தைத் தாண்டினால் பின்னணி போய்ச் சாதாரணப் பதிவாகிவிடும். தமிழில் அது ஏறத்தாழ 12, 13 சொல். வட்ஸ்அப் எழுத்து ஸ்ரேட்டஸ் 700 எழுத்து வரை ஏற்கும், ஆனால் நீளம் கூடக் கூட எழுத்து சின்னதாகிக்கொண்டே போகும். வயதானவர்களால் வாசிக்க முடியாது. இன்ஸ்ரகிராமில் படத்தின் கீழ் 2,200 எழுத்து எழுதலாம் என்றாலும், முதல் 125 எழுத்தளவில் மடிந்துவிடும். ஆகவே முக்கிய வரியை மடிப்புக்குக் கீழே விட வேண்டாம்.

எக்ஸ் தளத்தின் 280 எழுத்துக் கணக்கு தமிழருக்குக் கொஞ்சம் இறுக்கமானது. அது நாங்கள் எண்ணுவதுபோல எண்ணாது. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். “யாழ்ப்பாணம்” எங்களுக்கு 6 எழுத்து, அதற்கு 11. எனவே தமிழில் எழுதும்போது கையிருப்பு பாதியளவுதான் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

எந்த நேரத்தில் போடுவது நல்லது?

உங்கள் வாசகர் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. யாழ்ப்பாணத்துப் பதிவுக்குச் சிரிக்கிறவர்களில் பெரும் பங்கினர் வெளிநாட்டில் இருக்கலாம். உங்கள் பக்கத்தின் புள்ளிவிபரப் பகுதியில் நாடு வாரியாகப் பார்க்க முடியும், முதலில் அதைப் பாருங்கள்.

கோடையில் இங்கே இரவு 7.30 என்றால் லண்டனில் பின்னேரம் 3.00, பாரிசிலும் சூரிச்சிலும் 4.00, ரொறன்ரோவில் காலை 10.00. குளிர்காலத்தில் அங்கே எல்லாம் ஒரு மணித்தியாலம் முந்தும்: லண்டன் 2.00, பாரிஸ் 3.00, ரொறன்ரோ காலை 9.00. ரொறன்ரோவில் கடிகாரம் மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஐரோப்பாவில் மார்ச், ஒக்ரோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட கிழமைகளில் கணக்குப் பிசகும், கவனம்.

இரவு 7.30 ஒஸ்ரேலியாவுக்குச் சரிவராது, சிட்னியில் அப்போது நள்ளிரவு. அங்கே வாசகர் அதிகம் என்றால் காலை 6.30க்குப் போடுங்கள். சிட்னியில் அது முற்பகல், கோடையில் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 9.00. ஐரோப்பா மட்டும் நித்திரையில் இருக்கும்.

நேரத்தைவிட நாள் முக்கியம் என்பது எங்கள் கருத்து. ஞாயிறு மத்தியானம் பங்கு இறைச்சிக் கறியும் சோறும் சாப்பிட்டுச் சரிந்து கிடக்கும் நேரத்தில் இறைச்சிக் கறி பற்றிய பதிவு போனால் அது வேறு. செவ்வாய் காலை போனால் வேறு.

படத்தில் தமிழ் எழுத்து உடைந்து போகிறது. ஏன்?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பாமினி எழுத்துரு. இலங்கையில் அச்சகங்களும் விளம்பரப் பலகைக்காரரும் இன்னும் அதிகம் பாவிப்பது பாமினிதான். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து ஏமாற்றும் பழைய முறை. பாமினியில் அடித்ததைப் போனுக்குக் கொண்டுவந்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் வரும். ஒருங்குறி மாற்றி ஒன்றில் போட்டு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். மாற்றிய பின் “ஸ்ரீ”, “க்ஷ” வரும் சொற்களை ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்.

இரண்டாவது, படம் செய்யும் செயலி தமிழ் எழுத்தைச் சேர்த்துக் கட்டத் தெரியாமல் இருப்பது. அடையாளம் இதுதான்: “கொ”, “போ” போன்றவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, செயலியை மாற்ற வேண்டும், அல்லது அதன் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துக் கட்டமைப்பைத் தெரிவுசெய்ய வேண்டும். போட்டோஷொப்பில் பத்தி அமைப்புப் பகுதியில் அது இருக்கிறது.

இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்களில் நோட்டோ சான்ஸ் தமிழ் தெளிவாக வாசிக்க ஏற்றது. பலூ தம்பி தடித்த, உருண்டை எழுத்து, பகிடிக்குப் பொருந்தும். மீரா இனிமை நீண்ட வரிகளுக்கு வசதி. எதுவானாலும் வரி இடைவெளியை எழுத்தளவின் 1.3 மடங்குக்குக் குறைக்காதீர்கள். மேல்வரியின் “கூ”, “ழு” கீழே இறங்கும், கீழ்வரியின் “கீ”, “தி” மேலே ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும்.

அளவு: பேஸ்புக், இன்ஸ்ரகிராம் இரண்டுக்கும் 1080 க்கு 1350 படப்புள்ளி. ஸ்ரேட்டஸ், ஸ்ரோரி, ரீல்ஸ் 1080 க்கு 1920. நெட்டையான வடிவத்தில் மேலே 250, கீழே 340 படப்புள்ளி அளவு வெறுமையாக விடுங்கள், அங்கே பெயரும் பொத்தான்களும் வந்து மூடும். படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, இறக்கி, திரும்ப அனுப்பினால் ஒவ்வொரு முறையும் தெளிவு குறையும். மூலப் படத்தை எச்டி தெரிவில் அல்லது கோப்பாக அனுப்புங்கள்.

வடிவேலு படம் இல்லாமல் மீம் போட முடியாதா?

முடியும், போடவும் வேண்டும். வடிவேலுவின் முகம் தமிழருக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2019 மே மாதம் கண்டோம். பொறியியல் பக்கம் ஒன்றில் ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு “இதை உங்கள் நாட்டில் என்னவென்று சொல்லுவீர்கள்” என்று கேட்க, ஒருவர் அது ‘பிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த நேசமணியின் தலையில் விழுந்ததைப் பற்றி மெய்யான செய்திபோலப் பதில் எழுதினார். ஒரேயொரு கொமெண்ட். நேசமணிக்காகப் பிரார்த்திக்கும்படி சொன்ன தொடர் உலக அளவில் டிரெண்ட் ஆனது. அந்தப் பதிலின் பலம், அதை எழுதியவர் கடைசிவரை சிரிக்காமல் எழுதியதில் இருக்கிறது.

ஆனால் அந்த முகங்களை எல்லாரும் பாவிக்கிறார்கள். வாசிப்பவர் படத்தைக் கண்டவுடனேயே எப்படி முடியும் என்று ஊகித்துவிடுவார். உங்கள் வீட்டுச் சாய்மனைக் கதிரை, கிணற்றுக் கப்பி, சைக்கிளின் பின் கரியரில் கட்டிய வாழைக்குலை, நல்லூர் வீதியில் கழற்றி விட்ட செருப்புக் குவியல் ஆகியவற்றை நீங்களே எடுத்தால், படமே பாதிப் பதிவு. உரிமைப் பிரச்சினையும் இல்லை. சினிமாக் காட்சிகள் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கூட்டாளிகளுக்குள் பகிடியாக ஓடுவதை யாரும் தேடி வருவது அரிது என்றாலும், கடை விளம்பரத்துக்கு அதே காட்சியைப் பாவித்தால் கேட்பதற்கு ஆள் வரும்.

யாழ்ப்பாணத்தில் இந்த வகை நகைச்சுவைக்கு முன்னோடி யாராவது உண்டா?

உண்டு, தெரிந்துகொள்வது நல்லது. சி. சிவஞானசுந்தரம் 1963இல் தொடங்கிய ‘சிரித்திரன்’ சஞ்சிகை அன்றாட வாழ்வையே கேலிச்சித்திரமாக்கியது. அதன் ‘சவாரித் தம்பர்’ எங்கள் ஒழுங்கைகளில் கண்ட ஆள் என்று வாசகர் உணர்ந்தார்கள். மேடையிலும் வானொலியிலும் கே. எஸ். பாலச்சந்திரன் பஸ் கொண்டக்ரராகத் தனிநடிப்புச் செய்தார். ஒருவர் மட்டும் பேசுவார், பயணி என்ன சொன்னார் என்பதைக் கேட்பவர்களே ஊகித்துக்கொள்வார்கள். இந்த உத்தி இன்றைய பதிவுக்கும் அப்படியே பொருந்தும். போனில் அம்மா பேசும் பக்கத்தை மட்டும் எழுதிப் பாருங்கள்:

“ஓம்... ஓம்... ஆர்? ... மெய்யே? ... ஐயோ, எப்ப? ... சரி சரி, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

அடுத்த வரி: “அம்மா இப்ப அஞ்சாவது ஆளுக்குக் கோல் எடுக்கிறா.”

வீட்டு ஆட்களை, அயலவரை வைத்து எழுதலாமா?

வீட்டு ஆட்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது அவர் சிரித்தால் போடலாம், முகம் மாறினால் வேண்டாம். இதைவிட நம்பகமான சோதனை வேறு இல்லை.

அயலவரை வைத்து எழுதினால் மூன்றை மாற்றுங்கள்: உறவுமுறை, தொழில், இடம். ஒரே ஒழுங்கைக்குள் எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் பெயரை மட்டும் எடுத்துவிட்டால் போதாது. “எங்கட ஒழுங்கை முடக்குக் கடைக்காரர்” என்றாலே ஆள் யாரென்று தெரியும். படத்தில் வாகன இலக்கம், பாடசாலைச் சீருடைச் சின்னம், வீட்டு முகப்பு, பின்னால் நிற்கும் பிள்ளைகளின் முகம் ஆகியவற்றை மறையுங்கள். மறைக்கும்போது மெல்லிய மங்கல் போதாது, முழுதாக மூடும் கட்டம் வையுங்கள்.

சாதி, சீதனம், ஒருவரின் நிறம், உடம்பு, பிள்ளை இல்லாமை, கலியாணம் ஆகாமை, சோதனையில் சித்தியடையாமை பற்றி ஆட்களை நோக்கிப் பகிடி வேண்டாம். இவை எங்கள் சமூகத்தில் ஆட்களை உண்மையாகவே உடைத்துப் போட்டவை. “எப்ப கலியாணம்?” என்று கேட்கிற மாமியை வைத்து எழுதலாம். கேள்விக்கு ஆளாகிறவரை வைத்துச் சிரிக்கக் கூடாது. பதிவைப் போடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை வாசித்துவிட்டு யார் தலை குனிவார்? அந்த ஆள் ஏற்கெனவே குனிந்து நிற்பவர் என்றால் அழித்துவிடுங்கள். போரும் இழப்பும் தொட்ட விசயங்களை நாங்கள் பகிடிப் பதிவுக்கு எடுக்கச் சொல்ல மாட்டோம்.

போலி அறிவித்தல் பகிடி போடலாமா? “நாளை பாடசாலை விடுமுறை” மாதிரி?

வேண்டாம். மழைக்காலத்தில், புயல் எச்சரிக்கை உள்ள நாளில், கடிதத் தலைப்பும் முத்திரையும் வைத்துச் செய்த பகிடிப் படம் ஒரு மணித்தியாலத்துக்குள் உங்கள் பெயர் கழன்று, வட்ஸ்அப் குழுக்களில் உண்மை அறிவித்தலாகச் சுற்றும். பிள்ளையை மறித்து வைத்த தாய்க்கு அது பகிடி இல்லை. மின்வெட்டு நேரம், எரிபொருள் விநியோகம், பெறுபேறு வெளியாகும் திகதி ஆகியவற்றுக்கும் இதே பதில். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 பெப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. பொய்க் கூற்று, வேறொருவராக நடித்து ஏமாற்றுவது, ஒருவரின் தனிப்பட்ட தகவலை வெளியிட்டுத் துன்புறுத்துவது எல்லாம் அதற்குள் வருகின்றன.

வருடம் முழுக்க எழுத விசயம் கிடைக்குமா?

கலண்டரைச் சுவரில் மாட்டி வையுங்கள், போதும். தை பிறந்தால் முற்றத்தில் பொங்கல் எந்தப் பக்கம் பொங்கி வழிந்தது என்ற விவாதம், வல்வெட்டித்துறையில் பட்டம். சித்திரையில் கைவிசேஷம், யார் புதுத்தாள் தந்தது, யார் பழையது தந்தது. பிறகு கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலம், காய்த்த வீட்டுக்காரருக்குத் திடீரென்று சொந்தங்கள் கூடும். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும்.

நல்லூர்த் திருவிழா 25 நாள், அது தனியே ஒரு பொற்காலம். கோயிலைச் சுற்றி வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும், சைக்கிளை எங்கே விட்டது என்று தேடும் படலம் தொடங்கும். சரியாக அந்த நேரம்தான் வெளிநாட்டில் பாடசாலை விடுமுறை. வேட்டி கட்டத் தெரியாமல் பெல்ற் போடும் மருமகன், மணலில் செருப்பில்லாமல் நடக்க அந்தரப்படும் பிள்ளைகள், கும்பிட்டு முடிய முதலே ஐஸ்கிரீம் கடையைப் பற்றிய கேள்வி. இருபத்தைந்து நாளுக்கும் தினம் ஒரு சின்னப் பதிவு என்று தொடராகப் போடலாம். ஆட்கள் அடுத்த நாளுக்குக் காத்திருப்பார்கள்.

2022இன் எரிபொருள் வரிசையையும் மின்வெட்டையும் இப்போது எழுதுவதானால் நினைவுப் பதிவாக எழுதுங்கள். கியூஆர் அட்டையைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தது போன்ற துல்லியமான ஒன்று இருந்தால் மட்டும். வெறுமனே “வரிசையில் நிண்டம்” என்பது பழசாகிவிட்டது.

ரீல்ஸ், ரிக்ரொக் வீடியோ எடுப்பவர்களுக்கு?

15 முதல் 30 விநாடி. முதல் 2 விநாடிக்குள் ஆள் யார், எங்கே நிற்கிறார் என்று தெரிய வேண்டும். “வணக்கம் மக்களே” என்று தொடங்கினால் அந்த 2 விநாடி போய்விட்டது. பேச்சை எழுத்தாகவும் கீழே போடுங்கள். பஸ்சிலும் வேலை இடத்திலும் பலர் சத்தத்தை நிறுத்தித்தான் பார்ப்பார்கள்.

ஒலிதான் இங்கே பெரிய தொல்லை. வெளியில் எடுத்தால் காற்று, வீட்டுக்குள் எடுத்தால் மின்விசிறி. வயருள்ள சாதாரண இயர்போனின் மைக்கைச் சட்டைக் கொலரில் குத்தி, விசிறியை நிப்பாட்டி எடுங்கள். கோயில் லவுட்ஸ்பீக்கர் போய்க்கொண்டிருக்கும் நேரம் எடுக்காதீர்கள். பின்னால் கேட்கும் பாட்டைத் தளம் கண்டுபிடித்து, உங்கள் முழுப் பேச்சையும் சேர்த்து மௌனமாக்கிவிடும். திருவிழாக் காலத்தில் மத்தியானம் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் பெரும்பாலும் ஓய்வு கிடைக்கும்.

கனபேர் பார்த்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கே பிழை?

பெரும்பாலும் இவற்றில் ஒன்று. கடைசிச் சொல்லுக்குப் பிறகும் எழுதியிருப்பீர்கள்: “ஹாஹா”, ஆறு இமோஜி, “உங்கட வீட்டிலயும் இப்பிடியா?” என்ற கேள்வி. அவற்றை வெட்டுங்கள். அல்லது படத்தில் உள்ளதையே கீழேயும் எழுதி, சிரிப்பை முன்கூட்டியே சொல்லியிருப்பீர்கள். அல்லது ஒரே பதிவில் அம்மாவும் மோட்டரும் ரியூசனும் சேர்ந்து நெருக்குப்பட்டிருக்கும். மூன்றையும் மூன்றாகப் பிரியுங்கள்.

இன்னொரு காரணம் மறைவாக இருக்கும்: தகவல் பிழை. வெள்ளிக்கிழமை சைவ வீட்டில் மீன் குழம்பு மணக்கிறது என்று எழுதினால் வாசிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். கொமெண்டில் ஒருவர் “வெள்ளியில மீனா?” என்று கேட்டால் பதிவு முடிந்தது. பிழையைத் திருத்திவிட்டு நன்றி சொல்லுங்கள், வாதாடாதீர்கள்.

எங்கள் பதிவை வேறு பக்கம் எடுத்துப் போட்டுவிட்டது. என்ன செய்யலாம்?

பக்கத்தின் பெயரைப் படத்தின் மூலையில் வைத்தால் வெட்டி எடுப்பது சுலபம். இரண்டு வரிகளுக்கு இடையில், எழுத்தின் நிறத்துக்குக் கொஞ்சம் மங்கலாக, சின்னதாக வையுங்கள். வெட்டினால் பகிடியும் வெட்டுப்படும். எடுத்துப் போட்டவருக்கு முதலில் தனியாக, மரியாதையாக ஒரு மெசேஜ் அனுப்பி, பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பலர் சேர்த்துவிடுவார்கள். மறுத்தால், மூலப் படக் கோப்பும் நீங்கள் பதிவிட்ட திகதி தெரியும் ஸ்கிரீன்ஷொட்டும் வைத்துக்கொண்டு தளத்தின் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்புங்கள். வெறும் எழுத்துப் பதிவைவிட, நீங்களே எடுத்த படம் உள்ள பதிவுக்கு உரிமையைக் காட்டுவது சுலபம். மூலக் கோப்புகளை மாத வாரியாக ஒரு கோப்புறையில் போட்டு வையுங்கள், போனில் இடம் காணாது என்று அழிக்கும்போது முதலில் போவது அவைதான்.